விண்வெளி நிலையத்துல ஏதாவது பழுதானா என்ன பண்ணுவாங்க? பெரியம்மாவுக்குச் சொன்ன பதில்

2024 ஆகஸ்ட் மாசம் வெஸ்ட் மாம்பலத்துல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காபிய கைல குடுத்த உடனே போனை எடுத்துக் காட்டினாங்க. "சுனிதா வில்லியம்ஸ் மேலயே மாட்டிக்கிட்டாளாமே, ஆக்சிஜன் தீரப்போகுதாமே, இனிமே வரவே முடியாதாமேடா"ன்னு கேக்கறப்ப அவங்களுக்குக் குரலே உடைஞ்சிடுச்சு. குடும்ப குரூப்புல யாரோ ஃபார்வர்ட் பண்ண மெசேஜ் அது. அதே மெசேஜ் எனக்கும் நாலு பேர் அனுப்பியிருந்தாங்க.

அன்னிக்கு அவங்களுக்கு ஒரு மணி நேரம் உக்காந்து சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் வரிசையா எழுதறேன். ஏன்னா இந்த விஷயத்துல நம்ம ஆளுங்க மனசுல ரெண்டு படம் ஓடுது. ஒண்ணு, விண்வெளில ஏதாவது உடைஞ்சா அவ்ளோதான், கதை முடிஞ்சுது. இன்னொண்ணு, கடைசி செகண்டுல ஒருத்தர் வயரை வெட்டி எல்லாரையும் காப்பாத்திடுவார். நிஜத்துல நடக்கறதுக்கும் இந்த ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அங்க எல்லாமே நேரக் கணக்கு. நம்ம கைல இப்ப எவ்ளோ நேரம் இருக்கு, அதை இன்னும் எப்படி இழுக்கலாம்னுதான் ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாஸ்க்கும் ஒவ்வொரு டிரில்லும் யோசிச்சு வெச்சிருக்காங்க.

முதல்ல, அது என்ன மாதிரி இடம்

சர்வதேச விண்வெளி நிலையம், சுருக்கமா ஐ.எஸ்.எஸ்., தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. சென்னையிலிருந்து மதுரை போற தூரம்தான், ஆனா மேல் பக்கமா. வேகம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர், பூமிய ஒரு சுத்து சுத்த 90 நிமிஷம். 1998ல முதல் பாகம் மேல போச்சு, 2000 நவம்பர் 2லேர்ந்து ஒரு நாள் கூட அங்க ஆள் இல்லாம இருந்ததில்ல. இப்ப வழக்கமா ஏழு பேர் இருப்பாங்க.

அது ஒரே ஹால் கிடையாது, இது முக்கியம். தனித்தனியா ராக்கெட்ல கொண்டுபோன பெரிய பெரிய உருளைங்களை ஒண்ணோட ஒண்ணு கோத்து வெச்சது. அந்த ஒவ்வொரு உருளைக்கும் பேரு மாட்யூல். ரெண்டு மாட்யூலுக்கு நடுவுல இருக்கற, காத்து துளி கூட போகாம இறுக்கி மூடற கதவுக்குப் பேரு ஹேட்ச். இந்தக் கட்டுரைல பாதி அந்தக் கதவைப் பத்தித்தான்.

பழுது வேற, எமர்ஜென்சி வேற

நான் மடிப்பாக்கத்துல ஒரு ஃபிளாட்ல இருக்கேன். ரெண்டு வருஷம் அசோசியேஷன் வேலைய நான்தான் பாத்தேன். மோட்டார் ஓடலன்னு போன் வரும், லிஃப்ட் நின்னுடுச்சுன்னு வரும், காரிடார் லைட் எரியலன்னு வரும். இதெல்லாம் பழுது. காலைல பாத்துக்கலாம். ஆனா யாரோ வீட்டுல கேஸ் வாசனை வருதுன்னு போன் வந்தா கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடணும். அது எமர்ஜென்சி.

ஐ.எஸ்.எஸ்.லயும் அப்படியேதான். ஃபேன், பம்ப், கம்ப்யூட்டர், டாய்லெட், உடற்பயிற்சி டிரெட்மில்னு வருஷம் முழுக்க ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணிக்கிட்டேதான் இருக்கும். அதுல நிறைய விஷயத்தை ஹூஸ்டன்லயும் மாஸ்கோலயும் 24 மணி நேரமும் ஷிஃப்ட் போட்டு உக்காந்திருக்கற கட்டுப்பாட்டு மையத்து ஆளுங்களே கீழருந்து கமாண்ட் அனுப்பி சரி பண்ணிடுவாங்க, மேல இருக்கறவங்க தூங்கிட்டிருப்பாங்க. மேலயே கைவெச்சு பண்ண வேண்டிய வேலைன்னா அது அடுத்த நாள் டைம் டேபிள்ல ஏறும்.

எமர்ஜென்சின்னு அலறி எல்லாரையும் எழுப்பற விஷயம் மூணே மூணுதான். காத்து வெளிய போறது, நெருப்பு, உள்ள இருக்கற காத்துல விஷம் கலக்கறது. அலாரத்துலயே தரம் பிரிச்சிருக்காங்க, இந்த மூணுக்கும்தான் உச்சபட்ச அலாரம்.

ஆக, நியூஸ்ல "விண்வெளி நிலையத்தில் கோளாறு"ன்னு பாத்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இது அந்த மூணுல ஒண்ணா? பெரும்பாலும் இருக்காது.

பேக்கப்: ஒண்ணு போனா இன்னொண்ணு

நம்ம ஊர் ஃபிளாட்ல தண்ணி எங்கேர்ந்து வருது? மெட்ரோ வாட்டர், அது வரலன்னா போர், அதுவும் வத்திட்டா லாரி, 2019 கோடைல லாரியும் கிடைக்காம கேன் வாட்டர்ல குளிச்சவங்க இருக்காங்க. ஒரே வேலைக்கு வேற வேற வழி வெச்சுக்கறது நமக்குப் புதுசே இல்ல.

ஆக்சிஜன் அங்க அதே கதைதான். தண்ணியை கரண்ட்டால பிரிச்சா ஆக்சிஜன் கிடைக்கும். அந்த மெஷின் ரஷ்யப் பக்கம் ஒண்ணு இருக்கு, பேரு எலெக்ட்ரான். அமெரிக்கப் பக்கம் வேற டிசைன்ல இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் படுத்துட்டா டேங்க்ல அடைச்சு வெச்ச ஆக்சிஜன். அதுவும் போதலன்னா ஆக்சிஜன் கேண்டில், அதாவது ஒரு ரசாயனக் கட்டி, பத்த வெச்சா ஆக்சிஜன் விடும். ஒரு கேண்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வரும். இதுபோக சரக்கு விண்கலம் வேற சில மாசத்துக்கு ஒண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கு. "ஆக்சிஜன் தீரப்போகுது"ன்னு பெரியம்மாவுக்கு வந்த மெசேஜ் எழுதினவருக்கு இந்த நாலு அடுக்கும் தெரிஞ்சிருக்காது.

ஆனா பேக்கப் இருந்தா மட்டும் போதுமா? இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வந்தப்ப எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. எங்க ஃபிளாட்டைக் கட்டினவங்க இ.பி. பேனல், ஜென்செட், சம்ப் மோட்டார் மூணையும் பேஸ்மெண்ட்லயே வெச்சிருந்தாங்க. கரண்ட் போனா ஜென்செட்னு காகிதத்துல பேக்கப் இருக்கு, ஆனா தண்ணி உள்ள வந்து ரெண்டையும் ஒரே நேரத்துல முழுங்கிடுச்சு. ரெண்டு இருந்தும் ஒரே காரணத்தால ரெண்டும் போறதுக்கு இன்ஜினியருங்க பொதுக்காரணப் பழுதுன்னு சொல்லுவாங்க.

ஐ.எஸ்.எஸ்.ல இது நடந்திருக்கு. 2007 ஜூன்ல ரஷ்யப் பக்கத்துல நிலையத்தோட திசையையும் மத்த பல வேலையையும் பாத்துக்கற கம்ப்யூட்டருங்க படுத்துடுச்சு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும்னுதான் மூணு மூணா வெச்சிருந்தாங்க, மூணும் சேந்து போச்சு. அப்ப மேல வந்து ஒட்டியிருந்த அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தோட த்ரஸ்டர், அதாவது திசை திருப்பற குட்டி இன்ஜின், அதை வெச்சு நிலையத்தை நேரா புடிச்சுக்கிட்டாங்க. அந்த இடைவெளில யூர்ச்சிகின், கோடோவ்னு ரெண்டு ரஷ்ய வீரர்கள் உக்காந்து துழாவினதுல தெரிஞ்சது, கரண்ட்டைக் கண்காணிக்கற ஒரு பெட்டிக்குள்ள ஈரம் படிஞ்சு கனெக்டர் அரிச்சுப்போய், அது மூணு கம்ப்யூட்டருக்கும் சேத்து தப்பா ஆஃப் கமாண்ட் குடுத்திருக்கு. அந்தப் பெட்டிய சுத்திட்டுப் போற மாதிரி ஒரு ஜம்பர் வயர் போட்டாங்க, உயிர் வந்துடுச்சு. எங்க பேஸ்மெண்ட்ல வெள்ளம், அங்க நாலு சொட்டு ஈரம். அப்ப அந்த நிலையத்துல இருந்தவங்கள்ல சுனிதா வில்லியம்ஸும் ஒருத்தர், அது அவங்களோட முதல் பயணம்.

வெளிய போய் சரி பண்றது

இதைச் சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா வீடியோவா எல்லாரும் பாத்திருப்பீங்க. கூலிங் பம்ப், கரண்ட் பிரிக்கற பெட்டி மாதிரி பெரிய சாமானெல்லாம் நிலையத்துக்கு வெளியதான் மாட்டியிருக்கு, பக்கத்துலயே ஸ்பேர் வெச்சிருக்காங்க. 2010 ஜூலை கடைசில ஒரு கூலிங் பம்ப் நின்னுபோச்சு, கூலிங் பாதியாயிடுச்சு, ஆகஸ்ட்ல மூணு தடவை வெளிய போய் மாத்தினாங்க.

எனக்கு மனசுல நிக்கறது 2012. கரண்ட் பிரிக்கற பெட்டி ஒண்ணை மாத்தப் போன சுனிதா வில்லியம்ஸும் ஜப்பான்காரர் அகிஹிகோ ஹோஷிதேவும் ஒரு போல்ட் இறங்காம எட்டு மணி நேரத்துக்கு மேல போராடிட்டு உள்ள வந்துட்டாங்க. போல்ட் போற ஓட்டைல உலோகத் துருவல் அடைஞ்சிருந்தது. நம்ம மெக்கானிக்கா இருந்தா என்ன பண்ணுவார், பழைய பிரஷ்ஷால சுரண்டுவார். அதேதான். கீழ இருக்கறவங்க யோசிச்சுச் சொல்ல, மேல கைக்குக் கிடைச்ச சாமானை வெச்சு, பல் தேய்க்கற பிரஷ் ஒண்ணையும் குச்சில கட்டி, செப்டம்பர் 5ஆம் தேதி வெளிய போய் துருவலைச் சுத்தம் பண்ணி போல்ட்டை இறக்கிட்டாங்க. இங்கயும் பாருங்க, முதல் நாள் முடியலன்னு உள்ள வந்துட்டாங்க. ஆறு நாள் எடுத்துக்கிட்டாங்க. அவசரப்படாம இருக்க முடிஞ்சதுக்குக் காரணம் மிச்ச பெட்டிங்க வேலை செஞ்சுக்கிட்டிருந்தது.

அலாரம் அடிச்சா: சொல்லு, சேரு, செய்

இப்ப அந்த மூணு எமர்ஜென்சிக்கு வருவோம். எது நடந்தாலும் முதல் மூணு படி ஒண்ணுதான். சொல்லு, அதாவது எல்லாருக்கும் தெரியப்படுத்து, பக்கத்துல இருக்கற பட்டனை அமுக்கு. சேரு, அதாவது எல்லாரும் ஒரு பத்திரமான இடத்துல கூடுங்க, யாராவது குறையறாங்களான்னு எண்ணுங்க. செய், அதுக்கு அப்புறம்தான் வேலை.

நம்ம பழக்கம் இதுக்கு நேர் எதிர். புகை வந்தா முதல் ஆள் தனியா உள்ள ஓடுவார், மத்தவங்களுக்குச் சொல்லவே மாட்டார், அவர் எங்கன்னு தேட இன்னொருத்தர் ஓடுவார். அங்க அதைத் தடுக்கத்தான் வருஷக்கணக்குல தரையிலயும், மேல போனப்புறமும் டிரில் பண்ணிக்கிட்டே இருக்காங்க. ராத்திரி தூக்கத்துல அலாரம் அடிச்சா மூளை முழிக்கறதுக்கு முன்னாடி கை முழிக்கணும்.

காத்து கசிஞ்சா

சினிமால ஒரு சின்ன ஓட்டை விழுந்தா ஆளையே உறிஞ்சி வெளிய தள்ளிடும். நிஜத்துல ஐ.எஸ்.எஸ். உள்ள சுமார் ஆயிரம் கன மீட்டர் காத்து இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர் ஓட்டை வழியா அது இறங்க நாள் கணக்காகும். கிரிக்கெட் பால் சைஸ் ஓட்டைன்னா மட்டும் நிமிஷக் கணக்கு. அதனால ஓட்டை எங்கன்னு தேடறதுக்கு முன்னாடி எவ்ளோ வேகமா காத்து இறங்குதுன்னு பாப்பாங்க.

எங்க ஃபிளாட்ல நடந்ததைச் சொன்னா இது பளிச்சுனு புரியும். ஒரு நாள் நடுராத்திரி ஓவர்ஹெட் டேங்க் காலியாகிட்டே இருக்கு, எந்த வீட்டுல லீக்குன்னு தெரியல. பிளம்பர் அண்ணன் வந்தார். ஒரு வீட்டுக் கதவைக் கூட தட்டல. நேரா மொட்டை மாடிக்கு ஏறினார், டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு டேங்க்குக்குள்ள எட்டி தண்ணி மட்டத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டார். பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல விரலை வெச்சு அளந்துட்டு, "விடியற வரைக்கும் தாங்கும் சார், பதறாதீங்க"ன்னார். அப்புறம்தான் ஏ பிளாக் கேட் வால்வை மூடினார், மறுபடி பாத்தார், மட்டம் இறங்குது. தொறந்துட்டு பி பிளாக்கை மூடினார். இறங்கறது நின்னுச்சு. பி பிளாக்ல ஒரு வீட்டு ஃபிளஷ் டேங்க்.

அச்சு அசலா இதுதான் ஐ.எஸ்.எஸ். முறை. தண்ணி மட்டத்துக்குப் பதிலா காத்தழுத்தம், சாக்பீஸ் கோட்டுக்குப் பதிலா அழுத்தமானி, கேட் வால்வுக்குப் பதிலா ஹேட்ச். உள்ள சாதாரணமா நம்ம பீச்ல இருக்கற அதே அழுத்தம்தான், 760 மில்லிமீட்டர் பாதரசம் கிட்ட. அது 490க்கு இறங்க இன்னும் எத்தனை நிமிஷம்னு கணக்குப் போடுவாங்க. அந்த நிமிஷத்துக்குப் பேரு ரிசர்வ் டைம். 490ங்கறது லடாக்ல லே ஊர் உயரத்துல நிக்கற மாதிரி, மூச்சு வாங்கும் ஆனா மூளை வேலை செய்யும். அதுக்குக் கீழ போறதுக்குள்ள வேலைய முடிச்சிருக்கணும், இல்ல கிளம்பியிருக்கணும்.

வேலைன்னா, முதல்ல திரும்பி வர்ற விண்கலத்துக்குப் பக்கத்துல சேருவாங்க, ஓட்டை அந்த விண்கலத்துலயே இல்லையேன்னு பாப்பாங்க, அப்புறம் ஒவ்வொரு ஹேட்ச்சா மூடி அழுத்தம் நிக்குதான்னு கவனிப்பாங்க. நின்னா ஓட்டை மூடின கதவுக்கு அந்தப்பக்கம். அந்த மாட்யூலை அப்படியே விட்டுட்டு மிச்ச வீட்டுல குடித்தனம் பண்ணலாம்.

1997 ஜூன் 25ல ரஷ்யாவோட மீர் நிலையத்துல இது நிஜமா நடந்துச்சு. சரக்கு விண்கலம் ஒண்ணை கையால ரிமோட்ல ஓட்டிக் கொண்டுவந்து ஒட்டிப் பாக்கறப்ப அது தப்பி ஸ்பெக்டர்ங்கற மாட்யூல்ல மோதிடுச்சு. உள்ள இருந்த மூணு பேருக்கும் காது அடைச்சுது, பஸ் மலை ஏறறப்ப அடைக்குமே அந்த மாதிரி. ஹேட்ச்சை மூடப் போனா மூட முடியல, ஏன்னா கதவு வழியா கட்டுக் கட்டா கேபிள் ஓடுது. லாசுட்கினும் மைக்கேல் ஃபோலும் கேபிளைப் பிடுங்கினாங்க, பிடுங்க வராததைக் கத்தியால வெட்டினாங்க, ஒரு மூடிய வெச்சு அடைச்சாங்க, உள்பக்கக் காத்தழுத்தமே அந்த மூடிய இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. உயிர் பொழைச்சாங்க. ஆனா ஃபோலோட துணிமணி, சொந்தச் சாமான் எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு, அந்த மாட்யூலோட சோலார் தகடு குடுத்த கரண்ட்டும் போயிடுச்சு. அந்த நிமிஷங்களை நெனச்சா இன்னிக்கும் எனக்கு வயித்தைக் கலக்கும். ஹேட்ச் வழியா போற எதுவா இருந்தாலும் டக்குனு கழட்ட வர்ற மாதிரி இருக்கணும்னு இன்னிக்கு இருக்கற கண்டிப்புக்குப் பின்னாடி இந்த நாள் இருக்கு. நம்ம ஃபிளாட் ஃபயர் டோர்ல சைக்கிளைச் சாத்தி வெக்கறவங்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்றது.

இன்னொரு பக்கம் 2018 ஆகஸ்ட். ராத்திரில அழுத்தம் மெதுவா இறங்கறதை கீழ இருந்தவங்க கவனிச்சாங்க. கணக்குப் போட்டுப் பாத்தா ஆபத்தில்ல, அதனால மேல இருந்த ஆறு பேரையும் எழுப்பவே இல்ல, தூங்கட்டும்னு விட்டுட்டாங்க. காலைல தேடினா, ஒட்டியிருந்த ரஷ்ய சோயுஸ் விண்கலத்துலயே ரெண்டு மில்லிமீட்டர் ஓட்டை. ஜெர்மன்காரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் கொஞ்ச நேரம் அதுமேல விரலை வெச்சு மூடிப் பாத்தார். அப்புறம் டேப் ஒட்டி, அப்புறம் எபாக்சி பிசினை காயத்துக்குக் கட்டற காஸ் துணில தோய்ச்சு அடைச்சாங்க. நம்மாளுங்க எம்-சீல் போடற மாதிரி.

2020ல இதைவிடச் சின்ன கசிவு, ஸ்வெஸ்டாங்கற ரஷ்ய மாட்யூல்ல. மயிரிழை விரிசல், எந்தக் கருவிக்கும் இடம் சரியா பிடிபடல. டீ பையைப் பிரிச்சு டீத்தூளைக் காத்துல மிதக்க விட்டு, ஹேட்ச்சை மூடி, கேமரா வெச்சாங்க. துகள் எல்லாம் மெதுவா நகந்து ஒரு இடத்துக்குப் போச்சு, அங்கதான் விரிசல்.

சுருக்கமா: முதல்ல எவ்ளோ நேரம் இருக்குன்னு கணக்கு, அப்புறம் கதவை ஒவ்வொண்ணா மூடி எந்தப் பக்கம்னு கண்டுபிடிப்பு, அப்புறம்தான் அடைப்பு.

நெருப்பு

வீட்டுல விளக்கு ஏத்தினா சுடர் ஏன் மேல நோக்கி நிக்குது? சூடான காத்து லேசு, மேல போகும், கீழருந்து புதுக் காத்து உள்ள வரும், அதுல ஆக்சிஜன் வரும், சுடர் நிக்கும். விண்வெளி நிலையத்துல எடைங்கறதே தெரியாது, அதனால லேசு கனம்னு பிரியாது, சூடு மேல போகாது. அங்க ஒரு மெழுகுவர்த்தியைப் பத்த வெச்சா சுடர் நீலமா உருண்டையா இருக்கும், பக்கத்துல இருக்கற ஆக்சிஜனைத் தின்னுட்டு மங்கும்.

அப்ப நெருப்பே வராதே? வரும், ஏன்னா நிலையம் முழுக்க ஃபேன் ஓடுது. ஓடியே ஆகணும், இல்லன்னா தூங்கறவங்க விடற மூச்சே அவங்க முகத்தைச் சுத்தி தேங்கிடும். அந்த ஃபேன் காத்துதான் நெருப்புக்கு ஊதற துருத்தி. அதனால ஃபயர் அலாரம் அடிச்ச உடனே கம்ப்யூட்டர் தானா பண்ற வேலை ஃபேனை நிறுத்தறது. அடுத்து நெருப்பு வந்த சாதனப் பெட்டிக்குப் போற கரண்ட்டை வெட்டறது. பெரும்பாலும் வயரோ போர்டோ கருகறதுதான் காரணமா இருக்கும், கரண்ட் நின்னா அடங்கிடும். அதுக்கும் அடங்கலன்னாதான் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு, பெட்டி முகப்புல அதுக்குன்னே விட்ட ஓட்டைல அணைப்பான் மூக்கை விட்டு அடிப்பாங்க. புகை கூரைக்குப் போகாதுங்கறதால ஸ்மோக் டிடெக்டரும் கூரைல இருக்காது, காத்து திரும்பிப் போற குழாய்ல இருக்கும்.

மோசமான அனுபவமும் மீர்லதான். 1997 பிப்ரவரி 23, நான் மேல சொன்ன ஆக்சிஜன் கேண்டில் ஒண்ணு தப்பா எரிஞ்சு தீ ஜுவாலையா பீச்சி அடிச்சுது. ஆறு பேர் உள்ள. தப்பிக்க ரெண்டு சோயுஸ் இருந்துச்சு, அதுல ஒரு சோயுஸ் இருக்கற பக்கம் போற வழிய நெருப்பே மறிச்சிருச்சு. தனக்கு வேணுங்கற ஆக்சிஜனைத் தானே விடற நெருப்பு அது, ஃபேனை நிறுத்தி என்ன பண்ண. கமாண்டர் கோர்சுன் அணைப்பானை அடிச்சுக்கிட்டே நின்னார், சுவர் உருகாம குளிர வெக்கறதும் அதுல ஒரு வேலை. கேண்டில் தீந்து அடங்குச்சு, புகைதான் ரொம்ப நேரம் நின்னுச்சு. பேக்கப்புக்கு வெச்ச சாமானே எமர்ஜென்சியா மாறின நாள் அது.

விஷக் காத்து

2023 டிசம்பர் 26 நடுராத்திரி எண்ணூர் பக்கம் கடலுக்கடில போற குழாய்ல அமோனியா கசிஞ்சது ஞாபகம் இருக்கும். பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமா குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா வெளியேறினாங்க. அது திறந்த வெளி. மூடின டப்பாக்குள்ளன்னா யோசிச்சுப் பாருங்க.

ஐ.எஸ்.எஸ்.ல அமோனியா எதுக்கு? உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளணும். வெளிய தண்ணி ஓடினா உறைஞ்சு குழாய் வெடிச்சிடும், அமோனியா மைனஸ் 77 டிகிரி வரைக்கும் உறையாது. அதனால உள்ள தண்ணிக் குழாய், வெளிய அமோனியாக் குழாய், ரெண்டும் தொடாம சூட்டை மட்டும் கை மாத்தற இடம் ஒண்ணு, அதுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு பேரு. அந்த நடுச்சுவர் உடைஞ்சா அமோனியா தண்ணிக் குழாய்க்குள்ள பூந்து அறைக்குள்ள வந்துடும். அலாரம் வந்தா மாஸ்க் போட்டுக்கிட்டு ரஷ்யப் பக்கம் போய் ஹேட்ச்சை மூடணும், ரஷ்யப் பக்கக் கூலிங்ல அமோனியாவே கிடையாது.

2015 ஜனவரி 14 இந்த அலாரம் அடிச்சுது. ஆறு பேரும் ரஷ்யப் பக்கம் போய் கதவைச் சாத்திக்கிட்டாங்க. கீழ இருந்தவங்க மணிக்கணக்கா டேட்டாவைப் பாத்து, கசிவு இல்ல, கம்ப்யூட்டர்ல ஒரு கார்டு சரியில்லாம தப்பா காட்டியிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. "பொய் அலாரத்துக்கு இவ்ளோ அமர்க்களமா"ன்னு அப்ப சில பேர் எழுதினாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அமோனியா நிஜமா வந்திருந்தா யோசிச்சுக்கிட்டு நிக்க நேரம் கிடையாது, அப்ப மட்டும்தான் முதல்ல ஓடு, அப்புறம் கேளுன்னு விதி.

கடைசி வழி: எத்தனை பேரோ அத்தனை சீட்

இதெல்லாம் கைகுடுக்கலன்னா? அதுக்குத்தான் ஆளுங்களைக் கொண்டுபோன விண்கலம் திரும்பிப் போறதே இல்ல, அவங்க இருக்கற மாசமெல்லாம் அங்கயே ஒட்டி நிக்கும். கப்பல்ல தொங்கற உயிர்காக்கும் படகு மாதிரி. நிலையத்துல எத்தனை பேரோ அத்தனை சீட்டு ஒட்டியிருக்கற விண்கலங்கள்ல இருக்கணும், இதுல சமரசம் கிடையாது. பக்கத்துல ஏதாவது குப்பை பறந்து வருதுன்னா கூட அவங்கவங்க விண்கலத்துல போய் உக்காந்துடுவாங்க, 2021 நவம்பர்ல ரஷ்யா தன்னோட பழைய சாட்டிலைட்டை ஏவுகணையால உடைச்சப்ப ஏழு பேரும் அப்படித்தான் உக்காந்தாங்க.

படகே பழுதானா? 2022 டிசம்பர்ல சோயுஸ் ஒண்ணுல கூலிங் திரவம் முழுக்க வெளிய கொட்டிடுச்சு. ஆள் இல்லாத புது சோயுஸை 2023 பிப்ரவரி 24 அனுப்பினாங்க. அது வர்ற வரைக்கும் அதுல போயிருந்த அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோவோட இருக்கை மெத்தையைக் கழட்டி பக்கத்துல இருந்த ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட டிராகன் விண்கலத்துக்கு மாத்தி வெச்சாங்க. ஆறு மாசம் இருக்கப் போனவர் 371 நாள் இருந்தார். 2025 நவம்பர்ல சீனாவோட நிலையத்துலயும் இதே மாதிரி, விண்கல ஜன்னல்ல விரிசல்னு தெரிஞ்சதும் அதுல போயிருந்த மூணு பேர் அடுத்து வந்தவங்களோட விண்கலத்துல இறங்கினாங்க, பின்னாடியே காலியா ஒண்ணை மேல அனுப்பினாங்க.

இப்ப பெரியம்மா கேட்டதுக்கு வரேன். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூன் 5 போயிங் கம்பெனியோட ஸ்டார்லைனர் விண்கலத்துல எட்டு நாள் பயணமா கிளம்பினாங்க. போற வழில ஹீலியம் கசிவு, த்ரஸ்டர் சிலது நின்னுபோச்சு. மேல போய்ச் சேந்தப்புறம் அவங்களுக்கு நிலையத்துல ஒரு குறையும் இல்ல. காத்து, தண்ணி, சாப்பாடு, வேலை எல்லாம் மத்தவங்க மாதிரியே. பழுது அவங்க படகுல மட்டும். அதுலயும் ரொம்ப அவசரம்னா ஏறிக்கலாம்னுதான் வெச்சிருந்தாங்க. ஜூன் கடைசில ரஷ்ய சாட்டிலைட் ஒண்ணு தானா சிதறினப்ப அவங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சு உக்காந்ததே அதே ஸ்டார்லைனர்லதான்.

செப்டம்பர்ல அதை ஆள் இல்லாம கீழ இறக்கினாங்க, பத்திரமா இறங்கிடுச்சு. அப்புறம் செப்டம்பர் 29 ஒரு டிராகன் மேல போய்ச் சேந்துச்சு, நாலு சீட்டுல ரெண்டு பேர் மட்டும், ரெண்டு சீட்டு இவங்களுக்காகக் காலி. நடுவுல மூணு வாரம் இருக்கே, அப்ப எமர்ஜென்சின்னா? அங்க ஏற்கெனவே நின்ன இன்னொரு டிராகன்ல சரக்கு வெக்கற இடத்துல ஃபோம் போட்டு, பெல்ட் கட்டி, ரெண்டு படுக்கை தயார் பண்ணியிருந்தாங்க.

"ஃபோம்லயா படுத்துக்கிட்டு வருவா?"ன்னாங்க பெரியம்மா, நான் அடுத்த தடவை போய் இதைச் சொன்னப்ப. தேவைப்பட்டா அதுல வருவாங்க பெரியம்மா, தேவையே படலன்னு சொன்னேன்.

2025 மார்ச் 19 விடிகாலை நம்ம நேரம் மூணரைக்கு டிராகன் ஃப்ளோரிடா கடல்ல இறங்குச்சு. அலாரம் வெச்சு எழுந்து பாத்துக்கிட்டிருந்தேன். பாராசூட் நாலும் விரிஞ்சு தண்ணில தொட்ட கொஞ்ச நேரத்துல மாம்பலத்துலேர்ந்து போன் வந்துச்சு, அவங்களும் தூங்கல.